ஆபரேஷனுக்குப் பின் வரும் ஆண்டுகள்



பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்குப் பிறவியிலேயே இருதயத்தில் குறை இருக்கிறது. 1961-ல் வேலூர் சி.எம்.சி.யில் திறந்த இருதய ஆபரேஷன் நடந்தபோது அது அரிய காரியம். இன்று தமிழ்நாட்டில் அரசு காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஏழைப் பிள்ளைக்கும் அது கிடைக்கிறது.

"எத்தனை பேர் பிழைத்தார்கள்?" என்று கேட்பீர்கள். முப்பது நாளில் அதை எண்ணி முடித்துவிடலாம். ஐந்து வருஷம் கழித்து அந்தப் பிள்ளை எப்படியிருக்கிறது என்பதை எண்ணுவதுதான் கடினம்.

செஞ்சியில் உடல் நீலம்பாரித்துப் பிறந்த ஒரு பையனை எண்ணிக்கொள்ளுங்கள். அவனுக்கு இருப்பது டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ. வேலூரில் இருதயத்தின் துவாரத்தை அடைத்து, நுரையீரலுக்குப் போகும் குறுகிய வழியை அகலமாக்குகிறார்கள். நீலம் மறைகிறது. ராஜகிரிக் கோட்டைப் படிகளில் மற்றப் பிள்ளைகளோடு ஏறுகிறான். "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று பெற்றோர் நின்றுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. திருவண்ணாமலையில் பஸ் மாறி, போளூர் வழியே போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். ஆனால் அகலமாக்கிய வழியிலுள்ள வால்வு பலருக்குக் கசிகிறது. இருதயத்தின் வலது கீழறை வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் பெரிதாகிறது. காலத்தோடு கண்டால் புது வால்வு வைக்கலாம். மயங்கி விழுந்தபின் கண்டால் பிந்திவிடக்கூடும்.

அப்படியானால் வெளிநோயாளர் பிரிவின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது? அமெரிக்க இருதயவியல் கல்லூரி இதற்கென்றே அளவுகள் வகுத்திருக்கிறது. பெரும்பாலும் நோயாளியின் சீட்டைப் புரட்டிப் பார்ப்பதுதான் முறை. எடை, உயரம் குறித்தார்களா, உரிய காலத்தில் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்தார்களா, கிருமி இருதயத்தில் தங்காதபடி பல்லைப் பேணச் சொன்னார்களா? செயற்கை வால்வுள்ள பிள்ளைக்குப் பல் பிடுங்குமுன் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். (பல் டாக்டரிடம் இதை நினைவாகச் சொல்லும் பெற்றோர் எத்தனை பேர்!)

இவற்றைவிடப் பெரிய அளவு ஒன்று உண்டென்று நினைக்கிறோம். வந்தவர்களின் சீட்டை மட்டும் எண்ணினால் நூற்றுக்கு நூறுகூடக் கிடைக்கும். வரவேண்டியவர்களின் பெயரேட்டை வைத்து எண்ணினால்தான் வராத அந்தச் செஞ்சிப் பையன் கண்ணில் படுவான். கேரள அரசு 2017-ல் தொடங்கிய ஹிருதயம் திட்டத்தில் பிள்ளைகளைப் பெயர் பெயராகப் பதிவு செய்து, ஆபரேஷனுக்குப் பிறகும் சுகாதாரப் பணியாளர் மூலம் விசாரிக்கிறார்கள்.

எடையையும், விரலில் மாட்டும் சிறு கருவியால் ஆக்சிஜன் அளவையும் உள்ளூரிலேயே பார்த்துவிடலாம். எக்கோவுக்கு மட்டும் வேலூர் போனால் போதும். அடுத்து வரவேண்டிய தேதியோடு, பக்கத்து வீட்டாரின் போன் நம்பரையும் சீட்டில் எழுதி வைப்பது நல்லது. கூலி வேலைக்கு ஊர் மாறும் குடும்பங்களின் நம்பர் அடிக்கடி மாறிவிடுகிறது.