சிக்கிமுக்கித் துப்பாக்கி எந்த ஊர்?

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை

ஆண்டு மலர் என்றாலே நம்மில் பலர் கவிதை எழுதுவார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்குக் கொஞ்சம் தெரிந்தது இரும்பு. ஆகவே இரும்பைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒரு நாள் ஒர்க்‌ஷாப் வகுப்பில் ஆசிரியர் ஒரு பழைய ரைபிளின் படங்களைக் காட்டி, "இது எந்த ஊர்ல செஞ்சது, சொல்லுங்க பார்ப்போம்" என்றார். அதன் லாக் தகட்டில் கெட்லாண்ட் என்று பெயர் வெட்டியிருந்தது. கெட்லாண்ட் என்பது இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துக் கம்பெனி என்றும் அவரே சொன்னார். நான் முந்திக்கொண்டு எழுந்து, "இங்கிலாந்து சார்!" என்றேன். "தப்பு. இது அமெரிக்கா, பென்சில்வேனியா மாநிலம், லங்காஸ்டர் பக்கம்" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு முகம் செத்துப் போச்சு. அந்தத் தப்பிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அது வேலை செய்யும் விதம். விசையை இழுத்தால், சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய சுத்தி ஓர் எஃகுத் தகட்டில் மோதும். பொறி பறந்து கிண்ணியிலுள்ள மருந்தில் விழும். அந்தத் தீ ஒரு சிறு துளை வழியாகக் குழலுக்குள் போய் உள் மருந்தை வெடிக்க வைக்கும். ரைபிள் என்றால் குழலின் உட்புறம் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். அதனால் குண்டு சுழன்றுகொண்டே போகும். சுற்றுகிற பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டும் நிலை மாறாமல் குறிக்குப் போகும்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளிலிருந்து துப்பாக்கிக் கொல்லர்கள் பென்சில்வேனியாவில் குடியேறினார்கள். அவர்கள் ஊரில் செய்தது யேகர் என்ற ரைபிள். குழல் குட்டை, துவாரம் பெரிது. புது நாட்டிலோ பெருங்காடு. வேட்டைக்காரன் பல நாள் நடக்க வேண்டும். ஈயத்தையும் மருந்தையும் தானே சுமக்க வேண்டும். எனவே காலப்போக்கில் குழல் 40 அங்குலத்துக்கு மேல் நீண்டது. துவாரம் ஏறக்குறைய அரை அங்குலமாகக் குறைந்தது. இதற்குக் 'கென்டகி ரைபிள்' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அதன் பிறப்பிடம் பென்சில்வேனியா! பெயரை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதுவே முதல் சாட்சி.

இனி ஊரைக் கண்டுபிடிக்கும் வழிகளைப் பார்ப்போம்.

1. லாக்: இதுதான் பலவீனமான சாட்சி. பல கொல்லர்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த லாக்கை வாங்கிப் பொருத்தினார்கள். அதில் உள்ள பெயர் லாக்கின் பெயர், துப்பாக்கியின் பெயர் அல்ல. மேலும் 19ஆம் நூற்றாண்டில் கேப் வைத்து வெடிக்கும் முறை வந்தபின் பழைய லாக்குகள் பலவற்றை மாற்றிவிட்டார்கள். பிற்காலத்தில் சிலவற்றை மறுபடியும் சிக்கிமுக்கிக்கே திருப்பியதும் உண்டு.

2. குழல்: பெரும்பாலும் எட்டுப் பட்டை. செய்தவர் பெயர் இருந்தால் மேல்பட்டையில் இருக்கும். லங்காஸ்டரில் தொழில் செய்த ஜேக்கப் டிக்கர்ட் (1740–1822) அப்படிப் பெயர் பொறித்தவர்களில் ஒருவர். ஆனால் குழலையும் விலைக்கு வாங்கலாம், பழைய குழலை எடுத்துப் புதுக் கட்டையில் பொருத்தலாம். எனவே இதுவும் தனியாகப் போதாது.

3. மரக்கட்டை: இதுதான் நல்ல சாட்சி. கொல்லன் தன் குரு காட்டிய கோட்டிலேயே இதை இழைப்பான். லங்காஸ்டர் பாணியில் பின்கட்டையின் கோடுகள் நேராக, முக்கோணம் போல இருக்கும். லீஹை, பெர்க்ஸ் பகுதிகளில் மேல்விளிம்பு வில்போல வளைந்து இறங்கும். இதை 'ரோமானிய மூக்கு' என்பார்கள். பென்சில்வேனியாவில் வரிவரியான மேப்பிள் மரம் அதிகம். தெற்கே டென்னசி, வட கரோலினா மலைப்பகுதிகளில் வால்நட் மரமும் உண்டு. அங்கே பித்தளைக்குப் பதில் இரும்புப் பூண்கள், அலங்காரமும் குறைவு.

4. பேட்ச் பாக்ஸ்: குண்டைச் சுற்றும் எண்ணெய்த் துணி வைக்க, பின்கட்டையில் ஒரு சிறு பெட்டி. அதன் பித்தளை மூடியின் முனையில் டெய்சிப் பூ வடிவம் இருந்தால் லங்காஸ்டரை நினைக்கலாம்.

ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நாலும் ஒன்றையே சொன்னால்தான் சொல்ல வேண்டும். அப்போதும் கவனம் தேவை. தொழில் கற்ற பையன்கள் வண்டிப் பாதையில் ஷெனன்டோவா பள்ளத்தாக்கு வழியாக வர்ஜீனியா, கரோலினா என்று போனார்கள். கையில் குருவின் பாணியும் கூடவே போயிற்று. ஆக, 'எந்த ஊர்?' என்ற கேள்விக்குள் 'யாரிடம் கற்றான்?' என்ற கேள்வியும் இருக்கிறது. ஜோ கிண்டிக் என்பவர் இத்தகைய ரைபிள்களை ஒப்பிட்டு, வட்டார வாரியாகப் பிரித்து 1960இல் ஒரு நூலே வெளியிட்டார்.

இதையெல்லாம் வீட்டில் தாத்தாவிடம் சொன்னேன். அவர் கொல்லுப் பட்டறை வைத்திருப்பவர். எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். தாத்தா சிரித்துவிட்டு, சாணை பிடிக்க வந்திருந்த மூன்று அருவாள்களை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாகத் தூக்கி, இது இந்த ஊர், இது அந்த ஊர் என்று சொன்னார். "எப்படித் தாத்தா?" என்றேன். "பிடிய எவன் வேணா மாத்துவான்டா. கழுத்து வளைவ மாத்த முடியுமா? அடிச்சவன் கை அதுல இருக்கு" என்றார். எங்கள் ஆசிரியர் சொன்னதும் இதுவேதான்!

நண்பர்களே, ஓர் உண்மையைச் சொல்கிறேன். கல்லூரியில் சேரும்போது, குடும்பத் தொழில் என்ற இடத்தில் நான் 'கூலி' என்று எழுதினேன். கொல்லர் என்று எழுத வெட்கமாக இருந்தது. அறுபது வருஷம் அடித்த இரும்பில் தாத்தா ஒன்றில்கூடத் தன் பெயரைப் பொறித்ததில்லை. இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. பட்டறையில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் உலை மூட்டுகிறோம். பென்சில்வேனியாக் கொல்லர்களின் கையை எழுதி வைக்க ஆள் இருந்தது. தாத்தா போய்விட்டால் எங்கள் பக்கத்து அருவாளின் கழுத்தைப் படிக்க யார் இருக்கிறார்கள்?

எனவே ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓர் அருவாளை வைத்து, ஸ்கேலும் புரோட்ராக்டரும் வெர்னியரும் கொண்டு அளந்து படம் வரைகிறேன். பக்கத்தில் தாத்தா சொல்லும் ஊரை எழுதுகிறேன். இதுவரை பதினொன்று முடிந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய அருவாள் கிடக்கும். தூக்கி எறியாமல், எந்த ஊரில் வாங்கியது என்று பெரியவர்களைக் கேட்டு என்னிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை படிவம் வந்தால் 'கொல்லர்' என்றே எழுதுவேன்.