அம்மா பட்டினி கிடக்கிறாரா? எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உடலில் நடப்பது என்ன?

படிவம் 2 மாணவர்களுக்கு ஊட்டச்சத்துப் பாடம் நடத்தி முடித்த ஒரு நாள், மணியடித்த பிறகும் ஒரு மாணவன் வகுப்பிலேயே நின்றான். “சார், போன வருஷம் எங்கம்மாவுக்கு எடை குறைக்க ஆபரேஷன் பண்ணாங்க. இப்போ ஒரு தோசைக்கு மேல சாப்பிட மாட்டேங்கறாங்க. பாட்டி தினமும் சண்டை போடுறாங்க. அம்மா பட்டினியா கிடக்குறாங்க?” என்று கேட்டான். கொஞ்சம் தயங்கிவிட்டு, “மாத்திரையையும் நிறுத்திட்டாங்க சார். உடம்பு நல்லாத்தானே இருக்குன்னு சொல்றாங்க” என்றான்.

முதல் கேள்விக்கு நிம்மதியாகவே பதில் சொல்ல முடிந்தது. இரண்டாவது செய்திதான் என்னைக் கவலைப்பட வைத்தது. காரணத்தை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். 2023இல் அது 54.4 விழுக்காடானது. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மருந்தும் போதாத சிலருக்கு மருத்துவர்கள் இந்த அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள். ஆகவே, நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இதைச் செய்துகொண்டவர் இருக்கக்கூடும்.

இரு முறைகள்

ஒருவர் வயிறு நிறையச் சாப்பிடும்போது இரைப்பை சுமார் 1 முதல் 1.5 லிட்டர் வரை கொள்ளும். இன்று அதிகம் செய்யப்படும் முறையில், இரைப்பையின் 75 முதல் 80 விழுக்காட்டை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். இதை ‘ஸ்லீவ்’ முறை என்பார்கள்.

மற்றொன்று ‘பைபாஸ்’ முறை. இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவே கொள்ளும் ஒரு சிறு பையை உருவாக்கி, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். உணவு முன்சிறுகுடலைத் தொடாமலேயே கீழே இறங்கிவிடும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1966ஆம் ஆண்டு எட்வர்ட் மேசனும் சிகாஷி இட்டோவும் இம்முறையைத் தொடங்கினர். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்களுக்கு எடை கூடாமலிருந்ததே மேசனுக்கு இந்த எண்ணத்தைத் தந்தது.

முதல் எட்டு வாரங்கள்

உள்ளே தையல் ஆறும்வரை இரைப்பைக்கு வேலை கொடுக்கக் கூடாது. எனவே முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு பால், சூப் போன்றவை, அடுத்து அரைத்த உணவு, அதன்பின் மென்மையான உணவு என்று படிப்படியாக ஏறவேண்டும். வழக்கமான உணவுக்குத் திரும்ப ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். மருத்துவமனைக்கு மருத்துவமனை கால அட்டவணை சற்று மாறும். உணவியல் நிபுணர் கொடுத்த அட்டவணையையே பின்பற்ற வேண்டும்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். ஒரே மூச்சில் குடிக்காமல், நாள் முழுவதும் சிறு சிறு மிடறாகச் சுமார் ஒன்றரை லிட்டர் சேரவேண்டும். அறுவைச் சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அசையாமல் படுத்திருந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையக்கூடும்.

நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களுக்கு அதன் அளவு விரைவில் குறைய வேண்டியிருக்கும். பழைய அளவே தொடர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். இதை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். நாமாக மாற்றக் கூடாது.

அது பட்டினி அல்ல

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் கண்டுபிடித்தனர். இது பெரும்பாலும் இரைப்பையின் மேற்புறத்தில் சுரக்கிறது. ஸ்லீவ் முறையில் வெட்டி எடுக்கப்படுவது பெரும்பாலும் அந்தப் பகுதிதான். ஆகவே இடம் குறைவதோடு பசியுணர்வும் குறைகிறது. ஒரு தோசையோடு எழுந்துவிடும் அம்மா பிடிவாதம் பிடிக்கவில்லை. அவருடைய உடல் உண்மையிலேயே ‘போதும்’ என்கிறது. அதற்கு மேல் ஊட்டினால் நெஞ்சு அடைக்கும், வாந்தி வரும்.

ஆனால் அந்தச் சிறிய இடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பது முக்கியம். ஒரு நாளைக்குப் பொதுவாக 60 முதல் 80 கிராம் புரதம் தேவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். சோற்றில் தொடங்கினால் புரதத்துக்கு இடமிருக்காது. எனவே தட்டில் வரிசை மாறவேண்டும்: முதலில் மீன், கோழி, முட்டை, தவ்ஃபூ, பருப்பு, அடுத்து காய்கறி, கடைசியில் சோறு. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பலருக்கு முடி கொட்டும். எடை வேகமாகக் குறைவதால் ஏற்படும் இது பெரும்பாலும் தற்காலிகமானது. புரதமும் இரும்புச்சத்தும் போதுமான அளவு கிடைத்தால் முடி மீண்டும் வளரும்.

தே தாரிக் குடித்தால் ஏன் தலைசுற்றுகிறது?

வெள்ளரித் துண்டில் உப்புத் தூவினால் நீர் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சவ்வூடு பரவல். பைபாஸ் செய்தவர் இனிப்பான தே தாரிக்கையோ குலாப் ஜாமூனையோ சாப்பிட்டால், அடர்ந்த சர்க்கரை நேரே சிறுகுடலில் இறங்கும். இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படும். அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுவலி, பேதி வரலாம்.

சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வேறொரு தொல்லை வரும். வேகமாக ஏறிய சர்க்கரையைச் சமாளிக்க இன்சுலின் மிகுதியாகச் சுரந்து, சர்க்கரை தேவைக்கும் கீழே இறங்கிவிடும். கை நடுங்கும், கண் இருட்டும். மைலோ, சிரப், பழச்சாறு ஆகியவற்றுக்கும் இதே விளைவுதான்.

மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது?

அந்த மாணவனின் இரண்டாவது செய்திக்கு வருவோம். உணவிலுள்ள வைட்டமின் பி12ஐப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் தேவை. பிறகு இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் அதனோடு சேர்ந்தால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை உறிஞ்சும். இரைப்பை சுருங்கினால் இவ்விரண்டுமே குறையும். ஆனால் கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான சேமிப்பு உண்டு. அதனால்தான் முதல் ஆண்டில் ‘உடம்பு நல்லாத்தானே இருக்கு’ என்று தோன்றுகிறது. சேமிப்பு தீரும்போது இரத்தசோகை வரும், பாதம் மரத்துப்போகும். தாமதமானால் நரம்புப் பாதிப்பு முழுமையாகக் குணமாகாமல் போகலாம். பி12 இயற்கையில் அசைவ உணவிலும் பாலிலும் முட்டையிலுமே இருப்பதால், சைவ உணவுக்காரர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்கவேண்டும்.

இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் பெரும்பாலும் முன்சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகின்றன. பைபாஸ் அந்த இடத்தையே தாண்டிவிடுகிறது. இவ்விரண்டு மாத்திரைகளையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இந்த மாத்திரைகளும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுவதற்குமானவை.

வீட்டில் ஒரு சோதனை

இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுங்கள். ஒன்றில் சாதாரணத் தண்ணீரும் மற்றொன்றில் காடியும் ஊற்றி, இரண்டிலும் முட்டை ஓட்டுத் துண்டுகளைப் போடுங்கள். காடியில் குமிழிகள் எழும். ஓடு மெல்ல மெல்லக் கரையும். தண்ணீரில் அப்படியே கிடக்கும். முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். மலிவான பல சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளிலும் அதுவே இருக்கிறது. அது கரைய அமிலம் வேண்டும். அமிலம் குறைந்த இரைப்பைக்குக் கால்சியம் சிட்ரேட்டை மருத்துவர்கள் பரிந்துரைப்பதன் காரணம் இப்போது புரியும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அறிகுறிகள்

• முதல் சில வாரங்களில் காய்ச்சல், வேகமான இதயத் துடிப்பு, கடும் வயிற்றுவலி. தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கலாம்.

• ஒரு கால் மட்டும் வீங்குதல், திடீர் மூச்சுத்திணறல். இரத்தம் உறைந்திருக்கலாம்.

• நாள்கணக்கில் நிற்காத வாந்தி. வைட்டமின் பி1 நம் உடலில் சில வாரங்களுக்கே சேமிப்பில் இருக்கும். அது தீர்ந்தால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். சிகிச்சை தாமதமானால் நினைவாற்றலே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

• வலது மேல்வயிற்றில் வலி. எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உண்டாவதுண்டு.

பைபாஸ் செய்தவர்கள் ஐபுபுரோஃபன் போன்ற வலி நிவாரணிகளைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. குடல் இணைப்பில் புண் ஏற்படும். மது மிக வேகமாக இரத்தத்தில் ஏறும். குழந்தை பெற விரும்பும் பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் காத்திருப்பது நல்லது.

வீட்டார் செய்யவேண்டியது

எடை பெரும்பாலும் முதல் ஒன்றரை ஆண்டில்தான் குறையும். நடுவில் சில வாரங்கள் தராசு நகராமலும் இருக்கும். பிறகு கொஞ்சம் ஏறுவதும் இயல்பே. அதைத் தோல்வி என்று பேசவேண்டாம். “இளைச்சுப் போயிட்டியே” என்பதும், “இன்னும் ஒரே ஒரு முறுக்கு” என்பதும் அன்பில் பிறந்த சொற்கள்தான். ஆனால் கேட்பவருக்கு அவை பாரம். சிறு தட்டில் கேட்டதை மட்டும் பரிமாறி, அவர் மெதுவாக மென்று முடிக்கும்வரை உடன் உட்கார்ந்திருப்பதே உதவி.

இதையெல்லாம் அந்த மாணவனிடம் சொல்லி, “நான் மருத்துவர் இல்லை. அம்மாவை மறுபடியும் டாக்டரைப் பார்க்கச் சொல்லு” என்றேன். மறுவாரம் வந்தவன், “அம்மா இரத்தப் பரிசோதனைக்கு நாள் வாங்கிட்டாங்க சார். பாட்டிக்கும் முட்டை ஓட்டுச் சோதனையைச் செஞ்சு காட்டினேன்” என்றான்.

சிந்தித்து விடை எழுதுக

1. ஸ்லீவ் முறைக்குப் பிறகு பசி குறைய இரண்டு காரணங்களைக் கூறுக.

2. பி12 குறைபாடு ஏன் உடனே வெளியே தெரிவதில்லை?

3. 60 கிராம் புரதத்தை முட்டையிலிருந்து மட்டும் பெற எத்தனை முட்டைகள் வேண்டும்? சிறிய இரைப்பை உள்ளவருக்கு அது ஏன் கடினம்?