உப்பும் சுண்ணமும்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. உணவின் சுவையைக் கருதியே இம்மொழி எழுந்தது. ஆயினும், உப்பின் தொழில் நாவோடு முடிந்துவிடுவதன்று. நாம் நடப்பதும், நினைப்பதும், இவ்வரியைக் கண்ணாற் கண்டு மனத்தால் உணர்வதும் உப்பின் துணையின்றி நிகழா. அவ்வுப்போடு சுண்ணாம்பிலுள்ள ஒரு பொருளும் கூடிநின்று இத்தொழிலை நடத்துகின்றது. அவ்விரண்டும் நம் நரம்புகளில் ஆற்றும் பணி யாது என்பதையும், அறிஞர் அதனை எவ்வாறு கண்டறிந்தனர் என்பதையும் ஈண்டுக் காண்போம்.

உப்பில் அடங்கியிருப்பது சோடியம் என்னும் உலோகம். சுண்ணாம்பில் அடங்கியிருப்பது கால்சியம் என்னும் உலோகம். மின்னோட்டத்தின் துணையால் சோடியத்தை 1807-ஆம் ஆண்டிலும், கால்சியத்தை 1808-ஆம் ஆண்டிலும் முதன்முதலாகப் பிரித்துக் காட்டியவர் ஹம்ஃபிரி டேவி என்னும் ஆங்கில வேதியியல் அறிஞர். தனித்த சோடியம் கத்தியால் அரியத்தக்க மென்மையுடையது. நீரில் இட்டாலோ சீறி எரியும். அதனால் அதனை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்துக் காப்பர். இத்தகைய பொருளை நாம் நாள்தோறும் உண்கின்றோமே, அஃது எங்ஙனம் தீங்கின்றி அமைகின்றது?

விடை எளியது. உப்பிலுள்ள சோடியம் அணு தன்னிடமுள்ள எலக்ட்ரான்களுள் ஒன்றை இழந்து நிற்கின்றது. எலக்ட்ரான் எதிர்மின் உடையதாகலின், அதனை இழந்த அணு நேர்மின் பெற்று அயனி எனப் பெயர் பெறுகின்றது. கால்சியம் அணு இரண்டு எலக்ட்ரான்களை இழந்து இருமடங்கு நேர்மின் பெறுகின்றது. இவ்வாறு அயனியான பின்னர் அவை சீறுவதுமில்லை, எரிவதுமில்லை. நீரிற் கரைந்து, மின்னைச் சுமந்து உலவுகின்றன. அயனிகள் மின்னைச் சுமப்பன என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க. நரம்பின் செய்தி முழுவதும் அதனைப் பற்றியே நடைபெறுகின்றது.

உயிருள்ள தசைக்குக் கால்சியம் இன்றியமையாதது என்னும் உண்மை ஒரு பிழையினால் வெளிப்பட்டது. இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி மருத்துவமனையில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர் பணியாற்றினார். தவளையின் இதயத்தை உடலினின்று பிரித்து, உப்புநீரிலே வைத்து, அது துடிப்பதை அவர் ஆராய்ந்து வந்தார். இதயம் நெடுநேரம் நன்கு துடித்தது. அம்முடிவுகளை அவர் 1882-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன்பின்னரே அவருக்கு ஓர் உண்மை தெரியவந்தது. அவ்வுப்புநீர் வாலையில் வடித்த தூயநீரால் ஆக்கப்பட்டதன்று. நகரத்துக் குழாய்நீரால் ஆக்கப்பட்டது. உடனே அவர் தூயநீரில் உப்பைக் கரைத்து மீண்டும் ஆய்வு செய்தார். இதயத்தின் துடிப்புச் சிறிது நேரத்தில் தளர்ந்து நின்றது! குழாய்நீரில் இருந்து, தூயநீரில் இல்லாமற்போன பொருள் யாது? ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, கால்சியத்தைச் சேர்த்ததும் இதயம் மீண்டும் துடிக்கக் கண்டார். முன்பு தாம் எழுதியதைத் திருத்தி, நிகழ்ந்ததை மறையாது 1883-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிழையை மூடி மறைத்திருப்பின் அவ்வுண்மையும் அதனோடு மறைந்திருக்கும்.

இனி, நரம்பினுள் சோடியம் செய்வதைக் காண்போம். மனிதரின் நரம்பிழை மிக நுண்ணியது. அதனுள் கருவியைச் செலுத்தி ஆராய்வது அரிது. கணவாய் என்னும் கடல்வாழ் உயிரிக்கோ ஒரு மில்லிமீட்டர் தடிப்பளவும் வளரும் பெரிய நரம்பிழை உண்டு. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிளிமத் நகரில், ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்னும் இருவர் 1939-ஆம் ஆண்டில் அவ்விழையினுள் மெல்லிய மின்கருவியைச் செலுத்தி அளந்தனர். உலகப்போர் மூண்டதனால் இடையில் நின்ற ஆய்வு, போர் முடிந்தபின் தொடர்ந்தது. அதன் முழு விளக்கத்தை 1952-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1963-ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பெற்றனர்.

அவர்கள் விளக்கியது இது: நரம்பிழை வாளா இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின் மிக்கது. அவ்வேறுபாடு ஏறத்தாழ 70 மில்லிவோல்ட்டு; அஃதாவது, கைவிளக்கில் இடும் சிறு மின்கலத்தின் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கினும் சிறிது குறைவு. இழையைச் சூழ்ந்துள்ள நீரில் சோடியம் மிகுதி. உள்ளே, அதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே உண்டு. தூண்டுதல் வந்ததும் இழையின் சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் திறக்கின்றன. மடை திறந்தவுடன் வயலில் நீர் பாய்வதுபோலச் சோடியம் உள்ளே பாய்கின்றது. எதிர்மின்னாய் இருந்த உட்புறம் கணப்போதில் நேர்மின்னாகின்றது. அம்மாற்றம் அடுத்த இடத்து வாயில்களைத் திறக்கின்றது. அது மற்றதைத் திறக்கின்றது. இங்ஙனம் செய்தி இழைநெடுகச் செல்லும். சோடிய வாயில்கள் அடைபட்டு, பொட்டாசியம் வெளியேறியதும் இழை பழைய நிலையை எய்தும். ஓரிடத்தில் இவை யாவும் நிகழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கோ, இரு பங்கோ போதும்.

உட்புகுந்த சோடியம் அங்கேயே தங்கிவிட்டால் பின்வரும் செய்திகளுக்கு இடமில்லாது போகுமன்றோ? சவ்விலுள்ள ஒரு புரதம், சோடிய அயனிகள் மூன்றை வெளியேற்றி, பொட்டாசிய அயனிகள் இரண்டை உள்ளே கொணர்ந்து, இடையறாது உழைக்கின்றது. நண்டின் நரம்புகளைக் கொண்டு இதனை 1957-ஆம் ஆண்டில் காட்டியவர் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஜென்ஸ் ஸ்கோ.

நரம்பின் முனையை எய்திய செய்திக்கு ஓர் இடர் உண்டு. ஒரு நரம்பிற்கும் அதனை அடுத்த நரம்பிற்கும், அல்லது நரம்பிற்கும் தசைக்கும், நடுவே சிறிய இடைவெளி இருக்கின்றது. நரம்புகளின் நடுவே அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கே எனினும், மின்செய்தி பெரும்பாலும் அதனைத் தாண்டுவதில்லை. இங்குத்தான் கால்சியத்தின் பணி தொடங்குகின்றது. முனையிலுள்ள வாயில்கள் திறக்க, வெளியிலிருந்த கால்சியம் உள்ளே புகுகின்றது. அது புகுந்ததும், அங்கே நுண்பைகளில் அடைத்து வைக்கப்பட்டுள்ள ஒரு வேதிப்பொருள் இடைவெளியில் கொட்டப்படுகின்றது. அப்பொருள் மறுகரையைத் தொட்டவுடன் அங்கே புதிய செய்தி பிறக்கின்றது.

இதனை ஐயமற நிறுவியவர் பெர்னார்டு காட்சு. ரிங்கர் பணியாற்றிய அதே இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் அவரும் பணியாற்றினார். 1960-களில் அவரும் ரிக்கார்டோ மிலேடியும் தவளையின் தசையை ஆராய்ந்தனர். சூழ்ந்துள்ள நீரில் கால்சியம் இல்லாதபோது, செய்தி நரம்பின் முனைவரை வந்தும் தசை அசையவில்லை. முனையருகே கால்சியத்தைச் சிறிதளவு அளித்ததும் செய்தி மறுகரை சேர்ந்தது. காட்சு 1970-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

எனவே, செய்தியை நரம்பின்வழி ஓட்டிச் செல்வது சோடியம். கரை சேர்ந்த செய்தியை மறுகரைக்கு ஒப்படைப்பது கால்சியம். இருவேறு பணிகளாகலின் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பாது.

இவற்றின் அளவு பிறழ்ந்தால் நேரும் துன்பம் பெரிது. குருதியில் சோடியம் மிகவும் குறைந்தால் மூளை வீங்கி, அறிவு மயங்கி, வலிப்புத் தோன்றும். கால்சியம் குறைந்தால் நரம்புகள் அடங்குமென எண்ணுவோம். நிகழ்வதோ அதற்கு மாறு. சோடிய வாயில்கள் எளிதில் திறவாதபடி காப்பதும் வெளியிலுள்ள கால்சியமே. ஆதலால், அது குறைந்தபோது நரம்புகள் கட்டின்றித் துடிக்க, கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும். குருதியில் கால்சியம் குறையாதிருக்க உடல் தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்ளும். ஆகவே பால், கேழ்வரகு, கீரை முதலியவற்றை வளரும் பருவத்தினர் விரும்பி உண்ணல் வேண்டும். உப்பும் மிகுதியானால் குருதி அழுத்தத்தை உயர்த்தும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே கொள்க என்பது உலக நல்வாழ்வு அமைப்பின் அறிவுரை.

ரிங்கர் வகுத்த நீரை 1930-களில் அமெரிக்க மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் சிறிது மாற்றி, நோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். இன்றும் வயிற்றுப்போக்காலும் குருதி இழப்பாலும் வாடுவோர்க்கு மருத்துவமனைகளில் குழாய்வழி ஏற்றப்படும் நீர்களுள் அதுவும் ஒன்று. தம் ஆய்வில் நேர்ந்த பிழையை ஒருவர் ஒளியாது உரைத்தமையால், அவர் முகமறியாத எத்துணையோ பேர் உயிர் பிழைக்கின்றனர். ஆய்வு செய்வார்க்கு அறிவு வேண்டும். அதனினும் முற்பட வேண்டுவது வாய்மை.