நான்கு இலக்கங்கள் சொல்லும் செய்தி

வானில் ஒரே நேரத்தில் பல விமானங்கள் பறக்கின்றன. ஒவ்வொன்றும் எந்த விமானம் என்பதைத் தரையில் இருப்பவர்கள் எவ்வாறு அறிகின்றனர்? ரேடார் அலைகள் விமானத்தின்மீது பட்டுத் திரும்பும்போது, அங்கே ஒரு பொருள் உள்ளது என்பது மட்டுமே தெரியும். அதன் அடையாளத்தைத் தெரிவிப்பது விமானத்திலுள்ள ‘டிரான்ஸ்பாண்டர்’ என்னும் கருவியாகும். தரையிலிருந்து வரும் சமிக்ஞைக்கு அது தானாகவே பதிலளிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது, நட்பு நாட்டு விமானத்தைப் பகைவரின் விமானத்திலிருந்து பிரித்தறிய இத்தகைய கருவிகள் பயன்பட்டன.

அந்தப் பதிலில் நான்கு இலக்க எண் ஒன்று இடம்பெறும். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி கூறும் எண்ணை விமானி கருவியில் பதிவு செய்வார். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரையிலான எண்ணாகவே இருக்கும். ஆகவே, மொத்தம் 4096 எண்களே உள்ளன. இவை எல்லா விமானங்களுக்கும் போதாததால், ஒரு விமானம் பயன்படுத்திய எண் பின்னர் வேறொரு விமானத்திற்கு வழங்கப்படும்.

மூன்று எண்களுக்கு உலகெங்கும் ஒரே பொருள் உண்டு. 7500 விமானக் கடத்தலையும், 7600 வானொலித் தொடர்பு துண்டிக்கப்பட்டதையும், 7700 அவசர நிலையையும் குறிக்கும். 7600 எண்ணைக் கண்டதும், விமானியால் பேச இயலவில்லை என்பதை அதிகாரிகள் உணர்வர். அவர் தரையிறங்கக் கோபுரத்திலிருந்து பச்சை ஒளி காட்டி அனுமதி அளிக்கவும் முடியும்.

விமான ஆர்வலர்கள் சிறிய அலைவாங்கியைக் கணினியுடன் இணைத்து இத்தகைய தகவல்களைப் பெறுகின்றனர். திரையில் 7700 தோன்றியதும் விபத்து என்று முடிவு செய்வது தவறு. பயணி ஒருவருக்குத் திடீரென உடல்நலம் குன்றினாலும் அவ்வெண் பயன்படுத்தப்படுவதுண்டு. அவசரப்பட்டுப் பரப்பப்படும் வதந்தி, பயணிகளின் குடும்பத்தினரைக் கலங்கச் செய்யும்.

திரையில் ஒரு விமானம் மறைந்தாலும் அவ்வாறே நிதானம் தேவை. 2014 மார்ச் 8ஆம் நாள், கோலாலம்பூரிலிருந்து 239 பேருடன் பெய்ஜிங் நோக்கிச் சென்ற எம்எச்370 விமானம், அதிகாலை 1.21 மணியளவில் கட்டுப்பாட்டுத் திரையிலிருந்து மறைந்தது. ஆனால், அது அந்த இடத்தில் விழுந்துவிடவில்லை. அது மேற்கு நோக்கித் திரும்பிப் பறந்ததை இராணுவ ரேடார் பதிவு செய்திருந்தது.

டிரான்ஸ்பாண்டர் தெரிவிப்பது, விமானம் தன்னைப் பற்றிக் கூறும் செய்தியை மட்டுமே. எனவே, எண்ணின் பொருளை அறிந்து, அதற்கு மேல் ஊகிக்காமல், அதிகாரப்பூர்வ அறிவிப்பு வரும்வரை பொறுத்திருப்பதே பொறுப்புள்ள ஆர்வலருக்கு அழகாகும்.