தண்டையும் இலையையும் எறியாதே

திருவண்ணாமலை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நம் ஊர் வெயிலில் மொட்டை மாடியில் காலிஃபிளவர் வருமா என்று கேட்டிருந்தாய். வரும், பருவம் பார்த்து விதைத்தால். புரட்டாசிக் கடைசியில் விதை போட்டு, 25 நாள் நாற்றைப் பிடுங்கி நடு. கார்த்திகை தீபத்துக்குள் செடி வேர்பிடித்துவிடும். தைக் குளிரில் பூக்கட்டும். பங்குனிக்குத் தள்ளிப்போனால் வெயிலில் பூ இறுகாமல் பிரிந்து போகும்.

கடையில் வெப்பம் தாங்கும் ரகமாகக் கேள். அப்படியொரு ரகம் இருப்பதே பெரிய சாதனை. இது மத்தியதரைக் கடலோரத்துக் காய். 1822-இல் இங்கிலாந்திலிருந்து வந்த விதையை சகாரன்பூர் கம்பெனித் தோட்டத்தில் விதைத்தார்கள். குளிரில் பழகிய செடி இங்கே திணறியது. வெக்கையைத் தாங்கிப் பூக்கட்டிய செடிகளிலிருந்து மட்டும் விதை எடுத்து, தலைமுறை தலைமுறையாக அதையே விதைத்து, வட இந்திய உழவர்கள் புதிய வகையையே உருவாக்கிவிட்டார்கள். 20 முதல் 27 டிகிரி வெப்பத்திலும் பூக்கட்டும் ரகங்கள் இன்று இருக்கின்றன என்றால், அது பெயர் தெரியாத அந்த உழவர்களின் கொடை. தில்லி பூசா நிறுவனத்தின் 'பூசா தீபாளி' போன்றவை அந்த வழியில் வந்தவைதாம்.

ஒரு வளர்ப்புப் பைக்கு ஒரு செடி போதும். மக்கிய உரம் தாராளமாகப் போடு. மண் காயவே கூடாது. செடி வாடினாலும், முற்றிய நாற்றை நட்டாலும், பூ பொத்தான் அளவிலேயே நின்றுவிடும். பூ எலுமிச்சை அளவானதும் மேல் இலைகளைச் சேர்த்து அதன்மேல் கட்டிவிடு, வெயில் படாமல் வெள்ளையாக இருக்கும். பக்கத்தில் இரண்டு தொட்டியில் முன்கூட்டியே கடுகு விதைத்து வை. வைரமுதுகு அந்துப்பூச்சிக்குக் கடுகு மிகவும் பிடிக்கும், அங்கே முட்டையிடும். புழு வந்த கடுகு இலையைக் கிள்ளி அழித்துவிடலாம். பூச்சிமருந்து வேண்டாம்.

காயை நெடுக்காக வெட்டியதும் ஒரு நிமிடம் உற்றுப் பார். பூ என்கிறோமே, அதில் மலர்ந்த பூ ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு மொட்டும் பூவாகத் தொடங்கி, முடியாமல் மறுபடி தண்டாகி, தன் பக்கத்தில் இன்னொரு மொட்டை விடுகிறது, அதுவும் அப்படியே. 2021-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதன் மரபணுக் காரணத்தை 'சயின்ஸ்' இதழில் விளக்கினார்கள். ரோமனெஸ்கோ என்ற பச்சை வகையில் இது பளிச்சென்று தெரியும்: நம் ராஜகோபுரத்தின் நிலைதோறும் குட்டிக் கோபுரங்கள் அடுக்கியிருப்பது போல, கூம்புக்குள் கூம்பாகச் சுழன்று ஏறும்.

சந்தையில் இலையை ஒடித்து மாட்டுக்குப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறுவதில்லை. பூவைவிட இலையில்தான் சுண்ணாம்புச் சத்து பல மடங்கு அதிகம். இளம் இலையைப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துப் பொரியல் செய். தண்டின் நாரை உரித்துக் கூட்டில் போடு. நம் ஊர் ரமணாசிரமத்தில் ரமணரே விடியுமுன் உட்கார்ந்து காய் நறுக்குவார். எதையும் வீணாக்க விடமாட்டார். குவிந்துகிடந்த கத்தரிக்காய்க் காம்புகளைக்கூடப் பட்டாணியோடு வேகவைக்கச் சொன்னதை, அங்கே சமைத்த சம்பூர்ணம்மாள் நினைவுகூர்ந்திருக்கிறார்.

நூறு கிராம் பூவில் 25 கலோரிதான். வைட்டமின் சி மட்டும் 48 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. ஆனால் அது தண்ணீரில் கரைந்து போகும். ஆகவே புழு போக, மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் போதும். குழையக் கொதிக்கவைத்து நீரைக் கொட்டாதே. ஆவியில் வேகவைப்பது இன்னும் நல்லது. புற்றுநோயைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, அது நிரூபணமாகவில்லை. இலையில் வைட்டமின் கே அதிகம். வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அவர்களுக்குப் பரிமாறு.

கிரிவலப் பாதையில் சிவக்கச் சிவக்க விற்கும் காலிஃபிளவர் சில்லி உனக்கு உயிர் என்று தெரியும். அந்தச் சிவப்பு மிளகாயால் வந்ததா, சாயத்தால் வந்ததா என்று கண்ணால் சொல்லிவிட முடியாது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடையே போட்டது. கடலை மாவும் அரிசி மாவும் மிளகாய்த்தூளும் பிசறி வீட்டிலேயே பொரித்துக்கொள், தம்பிக்கும் கொடு.

அன்புடன்,
அத்தை