புலால் உண்ணாதார்க்கு இதயநோய் வருமா?

"நாம் புலால் உண்பதில்லை; மது அருந்துவதில்லை; ஆதலின் இதயநோய் நம்மை அணுகாது" என்று நம் இல்லங்களில் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பாதியளவே உண்மை. தாவர உணவு இதயத்திற்கு நல்ல துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது ஒன்றே முழுக் காவலாகிவிடாது. கொல்லாமை கருதி நாம் விலக்கியவை நன்றே. விலக்கிய பின் நம் இலையில் எவற்றைப் பரிமாறிக்கொள்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நோய் தோன்றும் விதம்

கைமுட்டி அளவேயுள்ள இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. நாம் ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. ஓயாது உழைக்கும் அந்த இதயத் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதனைக் கொண்டுசெல்பவை இதயத் தமனிகள். இவற்றின் உட்சுவரில் கொழுப்பு சிறுகச் சிறுகப் படிகிறது. ஒருநாள் அப்படிவு வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து, வழி அடைபடுமாயின் அதுவே மாரடைப்பு.

மாரடைப்பு திடீரென நேரினும், கொழுப்பு படிதல் இளமையிலேயே தொடங்கிப் பல்லாண்டுகள் ஓசையின்றி நிகழ்வது. ஆதலின் தடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் நமக்குப் பல்லாண்டுகள் உண்டு. 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 52 நாடுகளில் நடைபெற்றது. முதன்முறை நேரும் மாரடைப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதை, அளந்தறியக் கூடிய ஒன்பது காரணிகளைக் கொண்டே விளக்கலாம் என அது கண்டது. புகைபிடித்தல், இரத்தத்தில் கொழுப்பு மிகுதல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன உளைச்சல், காய்கனிக் குறைவு, உடலுழைப்பின்மை ஆகியன அவற்றுள் அடங்கும். இவற்றுள் எது புலால் உண்ணாதார் வீட்டினுள் நுழையாது என உறுதி கூற இயலும்?

அதே ஆய்வின் 2007-ஆம் ஆண்டு அறிக்கை மற்றுமோர் உண்மையை உணர்த்தியது. பிற நாட்டவர்க்கு 59 வயதை ஒட்டி நேரும் முதல் மாரடைப்பு, இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாட்டவர்க்கு 53 வயதை ஒட்டியே நேர்கிறது. பிள்ளைகளின் கல்வியும் திருமணமும் முடியாத வயது அது.

அடுக்களையில் கவனிக்க வேண்டியவை

1. உப்பு: ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருத்தல் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அஃதாவது எல்லா உணவிலும் சேர்ந்து ஒரு தேக்கரண்டி. சமையலில் இடும் உப்புடன் ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய் ஆகியவை சேரும்போது அளவு எளிதில் மீறிவிடும். இவற்றை நாள்தோறும் உண்ணாது விருந்து நாள்களுக்கென ஒதுக்குவோம்.

2. நெய்யும் எண்ணெயும்: பால் பொருள் தூயது என்பதால் நெய் எவ்வளவும் உண்ணலாம் என்பதில்லை. அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு, இரத்தத்தில் தீய கொழுப்பை உயர்த்தக் கூடியது. வனஸ்பதியில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு அதனினும் கெடுதலானது. 2022 முதல் இந்தியாவில் அதன் அளவு 2 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என விதி உள்ளது. பலகாரம் சுட்ட எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுதலும் தவறு. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஆகியவற்றையும் அளவோடு பயன்படுத்துவோம்.

3. சோறும் இனிப்பும்: தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் சிறிது கறியும் என்பது நம் வழக்கம். சோற்றைக் குறைத்துக் காய், கீரை, பயறு ஆகியவற்றைக் கூட்டுதல் நன்று. நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனிகளாவது வேண்டும். கேழ்வரகு, கம்பு, சாமை முதலியவற்றை வாரத்தில் சில நாள்களேனும் சமைக்கலாம்.

பூண்டும் மீன் எண்ணெயும் இதயத்திற்கு இன்றியமையாதன என்று சிலர் கூறக் கேட்டு நம்மவர் கலங்க வேண்டியதில்லை. பூண்டின் பயன் மிகச் சிறிதே. ஒமேகா-3 வகைக் கொழுப்பில் ஒன்று ஆளி விதையிலும் வால்நட் பருப்பிலும் உள்ளது.

நடையும் புகையும்

1953-ஆம் ஆண்டில் மருத்துவ அறிஞர் ஜெரிமி மாரிஸ் இலண்டன் பேருந்துப் பணியாளர்களைப் பற்றிய ஆய்வினை வெளியிட்டார். நாள் முழுதும் அமர்ந்தே வண்டி ஓட்டியவர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறியிறங்கிச் சீட்டு வழங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே நேர்ந்தது. நம் முன்னோர் கழனியில் உழைத்து உண்டனர். நாமோ அவர்கள் உண்ட அளவே உண்டு, அலுவலகத்திலும் கடையிலும் அமர்ந்திருக்கிறோம். நாளொன்றுக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் விரைந்து நடப்போம். ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் மிகாதிருத்தல் நன்று.

புகையை அறவே விட வேண்டும். விட்ட ஓராண்டில், புகைப்பவரோடு ஒப்பிட இதயநோய் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. வெற்றிலையுடன் மெல்லும் புகையிலையும் தீங்கே.

விரதமும் மருந்தும்

பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நம் ஒழுக்கம் உயிர்களின்பால் கொண்ட கருணையால் அமைந்தது. நள்ளிரவில் வயிறு நிறைய உண்டு உறங்கும் தீங்கும் அதனால் தவிர்கிறது. ஆயினும் அஷ்டமி, சதுர்த்தசி நாள்களில் உபவாசம் ஏற்போர் ஒன்றை மறத்தலாகாது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கலந்த பின்னரே உபவாசம் ஏற்க வேண்டும். தாமாக மருந்தை நிறுத்தலாகாது. பாரணையன்று நெய்ப் பலகாரங்களை மிகுதியாக உண்பதும் தகாது.

மருந்துக் கூடுகள் பலவும் விலங்கிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனவை என்பதால் சிலர் அவற்றை உண்ணாது விடுகின்றனர். மருத்துவரிடம் தயங்காது கூறினால், பெரும்பாலும் அதே மருந்தை மாத்திரையாகப் பெறலாம்.

அளந்தறிதலும் விரைதலும்

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வகைத் துன்பமும் தராது. அளந்தாலன்றி அறிய இயலாது. முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டிற்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருப்பின் மருத்துவரை அணுகுதல் கடமை.

நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகிற்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியன மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் நீரிழிவு உடையோர்க்கும் நெஞ்சுவலி இன்றியே சோர்வும் குமட்டலும் மட்டும் தோன்றலாம். இதனை "வாயு" என்று கருதி ஓமநீரும் சோடாவும் கொடுத்து விடியும்வரை காத்திருப்பதே நம் வீடுகளில் நேரும் பெருந்தீங்கு. அடைபட்ட தமனிக்கு அப்பால் உள்ள தசை நிமிடந்தோறும் மடிந்துகொண்டிருக்கிறது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

பிற உயிர்க்கு இன்னா செய்யாமை நம் குடும்பங்களில் வழிவழியாக வந்த ஒழுக்கம். நம் உடலும் ஓர் உயிர் தங்கும் இல்லமே. அதன்பாலும் அதே கருணை வேண்டும். குடும்பத்தார் அனைவரும் கூடும் அடுத்த நாளிலேயே பெரியவர்களின் இரத்த அழுத்தத்தை அளந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குவோம். அன்றே வீட்டின் உப்பையும் எண்ணெயையும் கணக்கிடுவோம்.