மில்லுக்கும் கடைக்கும் ஏற்ற கருவிகள்: வாங்கும்போதும் விற்கும்போதும் கவனிக்க வேண்டியவை



நம் திருவிடைமருதூர் வட்டாரத்தில் மளிகை வணிகத்தோடு மாவு மில், மிளகாய் அரவை, அரிசி ஆலை என ஏதாவது ஒன்றைச் சேர்த்து நடத்துவோர் உண்டு. இரும்புக்கடையும் மின்சாமான் கடையும் வைத்து, அந்த மில்களுக்கு ஸ்பேனரும் டெஸ்டரும் விற்போரும் உண்டு. இந்தப் பாடம் இரு சாராருக்கும் பொதுவானது.

பழைய ஹல்லர் மில்லில் பெரும்பாலும் ஒரே மோட்டார் அல்லது ஆயில் எஞ்சின்தான். ஒரு நீண்ட ஷாப்டில் பெல்ட்டுகளை மாட்டி எல்லா இயந்திரங்களையும் ஓட்டினார்கள். சுத்தியலும் நான்கு ஸ்பேனரும் இருந்தால் மராமத்து முடிந்துவிடும். இன்றைய ஆலையில் எலிவேட்டர், ரப்பர் ரோல் ஷெல்லர், பாலிஷர், சல்லடை ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார், தனி ஸ்டார்ட்டர். நெல் அரவையை நவீனப்படுத்தும் ஆராய்ச்சியே நம் டெல்டாவில்தான், 1967-ல் திருவாரூரில் தொடங்கி, இன்று தஞ்சையில் தேசிய நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. இயந்திரம் மாறிவிட்டது, ஆனால் பல இடங்களில் கருவிப்பெட்டி மட்டும் மாறவில்லை. அறுவடைக் காலத்தில் ஒரு மோட்டார் நின்றால் களத்தில் நெல் தேங்கும். அவசரத்தில் தவறான கருவியோடு கை வைத்தால் உயிரே போகும்.

கைக்கருவிகள்

1. ஸ்பேனர்: பழைய இயந்திரங்களில் அங்குல அளவு போல்ட்டுகளும், புதியவற்றில் மில்லிமீட்டர் அளவு போல்ட்டுகளும் இருக்கும். இரண்டையும் ஒரே ஸ்பேனரால் சமாளிக்கப் பார்த்தால் நட்டின் மூலை மழுங்கிவிடும். 6-7 முதல் 20-22 வரையிலான இருமுனை செட் ஒன்று முதலில் தேவை. இறுகிய நட்டுக்கு ரிங் ஸ்பேனரே நல்லது. அது நட்டை முழுவதும் சுற்றிப் பிடிப்பதால் வழுக்காது. குரோம் வனேடியம் எஃகினால் ஆனதைப் பாருங்கள். ஸ்பேனரோடு பைப்பைச் சொருகி நீட்டித் திருகும் பழக்கம் கருவியையும் உடைக்கும், கையையும் உடைக்கும்.

2. புல்லர்: பேரிங்கையும் புல்லியையும் சுத்தியலால் அடித்துக் கழற்றுவது நம்மிடையே வழக்கம். அந்த அடி ஷாப்டின் முனையை உப்பச் செய்யும். மறுமுனையில் உள்ள நல்ல பேரிங்கையும் கெடுக்கும். மூன்று கால் புல்லர் ஒன்றின் விலை, ஒருமுறை ஷாப்டைக் கடைசலுக்கு அனுப்பும் செலவில் அடங்கிவிடும்.

3. கட்டிங் பிளேயர், திருப்புளி: பிளேயருக்கு ஐ.எஸ். 3650, திருப்புளிக்கு ஐ.எஸ். 844 என்ற இந்தியத் தர எண்கள் உண்டு. கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருப்பதாலேயே அது மின்வேலைக்கு ஏற்றதாகிவிடாது. சாதாரண உறை பிடிமானத்துக்கு மட்டுமே. இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எண்ணும் பொறித்ததே மின்காப்புக் கருவி. உறை கிழிந்துவிட்டால் மின்வேலையிலிருந்து அதை ஒதுக்கிவிட வேண்டும். டேப் சுற்றிப் பயன்படுத்தக் கூடாது.

மின் சோதனைக் கருவிகள்

1. நியான் டெஸ்டர்: இதன் உள்ளே ஒரு சிறு நியான் விளக்கும், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டரும் இருக்கின்றன. நம் உடல் வழியாக மிகச் சிறிய மின்சாரம் தரைக்குச் செல்லும்போதுதான் விளக்கு எரிகிறது. எனவே மரப்பலகை மேலோ, ரப்பர் செருப்பணிந்தோ நின்றால் சரியாக எரியாமல் போகலாம். வெயிலில் எரிவது கண்ணுக்குத் தெரியாது. "டெஸ்டர் எரியவில்லை, ஆகவே கரண்ட் இல்லை" என்று முடிவு கட்டுவதுதான் உயிரைப் பறிக்கும் தவறு. மெயின் சுவிட்சை நிறுத்தி, ஃப்யூஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த வேறொரு இடத்தில் டெஸ்டரைச் சோதித்து, வேலை செய்யும் இடத்தில் சோதித்து, மறுபடியும் பழைய இடத்தில் சோதித்துப் பாருங்கள். மலிவான டெஸ்டரில் ரெசிஸ்டர் பழுதானாலோ ஈரம் புகுந்தாலோ, அது எச்சரிக்காமலே ஷாக் கொடுக்கும்.

2. டெஸ்ட் லாம்ப்: த்ரீ ஃபேஸில் ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் நடுவில் சுமார் 400 வோல்ட் இருக்கும். ஒற்றை 230 வோல்ட் பல்பை அங்கே வைத்தால் வெடித்துக் கண்ணில் தெறிக்கலாம். ஒரே வாட் அளவுள்ள இரண்டு குண்டு பல்புகளைத் தொடராக இணைத்து, கூண்டுக்குள் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

3. மல்டிமீட்டர்: மீட்டரின் மேல் கேட் என்ற எழுத்துகளும் ரோமன் எண்ணும் பொறித்திருக்கும். பிளக்கில் சொருகும் சாதனங்களுக்குக் கேட் இரண்டு போதும். மில்லின் ஸ்டார்ட்டர், பேனல் போர்டுகளுக்குக் கேட் மூன்று, 600 வோல்ட் உள்ளதே வேண்டும். புரோப் வயரிலும் அதே அளவு இருக்க வேண்டும். வோல்ட் பார்க்கும் முன் நாப் ஓம்ஸிலோ ஆம்பியரிலோ நிற்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

4. கிளாம்ப் மீட்டர்: வயரைக் கழற்றாமலே ஆம்பியர் பார்க்கலாம். ஒரு வயரை மட்டும் வாய்க்குள் விட வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து போனால் பூஜ்யம் காட்டும். த்ரீ ஃபேஸ் மோட்டார் முழுச்சுமையில் ஒரு குதிரைத்திறனுக்குச் சுமார் 1.4 ஆம்பியர் இழுக்கும்; 10 எச்.பி. என்றால் சுமார் 14. மூன்று ஃபேஸிலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். ஒன்றில் மட்டும் மிகவும் குறைந்தால் காயில் கருகுமுன் மோட்டாரை நிறுத்திவிடலாம்.

5. மெக்கர்: மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மோட்டாரை ஓட்டும் முன் இன்சுலேஷனைப் பார்க்க 500 வோல்ட் மெக்கர் உதவும். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் உலர்த்தாமல் ஓட்டக் கூடாது. சொந்தமாக வாங்க இயலாதவர்கள் நாலைந்து மில்காரர்கள் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். பேனல் வேலையை மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே விட வேண்டும்.

விற்போர் கவனத்திற்கு

முத்திரை இல்லாத டெஸ்டரில் லாபம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளால் விளையும் தீங்குக்கு விற்றவரையும் சில நிலைகளில் பொறுப்பாளி ஆக்குகிறது. பொருளைத் தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டால், பொறுப்பு விற்றவர் தலையில் விழும். ஆகவே தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் உள்ள சரக்கையே பில்லோடு வாங்குங்கள், பில்லோடு விற்றுங்கள். மலிவானதைக் கேட்கும் வாடிக்கையாளரிடம், எது பிடிமான உறை, எது 1000 வோல்ட் காப்பு என்று இரண்டையும் கையில் கொடுத்து விளக்குங்கள். விவரம் தெரிந்தால் பெரும்பாலோர் நல்லதையே எடுப்பார்கள்.

சரக்கில் பேரம் பேசுவது வணிகருக்கு அழகு. மில்லில் கை வைப்பவனின் உயிரில் மட்டும் பேரம் வேண்டாம். வருகிற அறுவடைக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, நம் கருவிப்பெட்டியைத் திறந்து, மழுங்கியதையும் கிழிந்ததையும் மாற்றி வைப்போம்.